ஜன்னல் சீட் பிடித்து வைத்தவனைத் தேடிப் போகலாமா?

இண்டூர்_ஜன்னல் | ஞாயிறு, இரவு 9.42

போன மாதம் முன்பற்கள் ஆறுக்கும் கேப் (வெள்ளைப் பல் உறை) போட்டுக்கொண்டேன். ஓசூரில். பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி ஒரு நொடி பார்த்துவிட்டு, "தர்மபுரி பக்கமா?" என்று கேட்டார். நான் ஊர்ப் பெயரே சொல்லியிருக்கவில்லை.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: எங்கள் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. ஈறுக்குள் பல் உருவாகிற வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால், பல் முளைக்கும்போதே பழுப்புக் கோட்டோடுதான் முளைக்கும். அப்புறம் எந்தப் பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலும் போகாது. எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அதே பல்தான், அதனால் பன்னிரண்டாம் வகுப்பு வரை எனக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. 2001-ல் தர்மபுரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்த முதல் வாரம், முன் பெஞ்சில் ஒருத்தன் திரும்பிப் பார்த்து "வெத்தலை போடுவியா?" என்றான். அன்றிலிருந்து சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் வந்தது.

நான் சொல்ல வந்தது பல்லைப் பற்றி இல்லை, ஒரு நண்பனைப் பற்றி. பெயர் வேண்டாம்.

அவன் பென்னாகரத்தில் ஏறுவான். நான் இண்டூரில். காலை எட்டு மணிக்கு முன்னால் வரும் அரசு பஸ், இண்டூர் வரும்போதே பிதுங்கும். ஆனால் மூன்று வருடமும் எனக்கு ஜன்னல் சீட் இருந்தது. அவன் காலி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் தன் நோட்டைப் போட்டு, பக்கத்தில் தான் உட்கார்ந்து, "ஆள் வருது" என்று ஊர் முழுவதோடும் சண்டை பிடித்து அந்த இடத்தைக் காப்பாற்றி வைத்திருப்பான். ஏன் எனக்காக என்று நான் கேட்டதே இல்லை. நட்பு என்றால் அப்படித்தான் போல என்று எடுத்துக்கொண்டேன்.

அவன் பல்லும் என் பல் மாதிரிதான். இன்னும் மோசம் என்றே சொல்லலாம். ஆனால் அவன் ஈறு தெரியச் சிரிப்பான். ஒருநாள் நான் வாயைப் பொத்துவதைப் பார்த்துவிட்டு, "தண்ணி பண்ணின வேலைக்கு நீ எதுக்குடா வாயப் பொத்துற?" என்று கேட்டான். இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாக ஒன்று சொன்னதில்லை.

இரண்டாம் வருடம் லேசர் பற்றி நான் ஆங்கிலத்தில் செமினார் எடுக்க வேண்டும். முடியாது, காய்ச்சல் என்று லீவு போடப்போகிறேன் என்றேன். அவன் விடவில்லை. பத்து நாள், இண்டூரிலிருந்து தர்மபுரி வரை, பஸ்ஸில் சத்தமாகச் சொல்ல வைத்தான். கத்தரிக்காய்க் கூடையோடு வந்த ஒரு பாட்டி, "இது எந்தச் சாமி மந்திரம்?" என்று கேட்டது. இன்று ஓசூரில் நாற்பது பேர் முன்னால் நின்று நான் மீட்டிங் நடத்துகிறேன் என்றால், அந்தப் பாட்டி முன்னால் ஒத்திகை பார்த்ததுதான்.

ஐந்தாம் செமஸ்டரில் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள், என்னிடம் பணம் இல்லை. அவன் கட்டினான். 720 ரூபாய். திருப்பித் தருகிறேன் என்றேன்.

2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது ஞாபகம் இருக்கும். அதே சமயம்தான், பெங்களூரில் சென்ட்ரிங் (கான்கிரீட் போட முட்டுக் கொடுத்து ஷீட் அடிக்கும்) வேலை பார்த்துக்கொண்டிருந்த அவன் அப்பா சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். ஆறாவது செமஸ்டர் அவன் எழுதவில்லை. அப்பா போன வேலைக்கே மகனும் போய்விட்டான். பணத்தை நான் கொடுக்கவில்லை. முதலில் கையில் இல்லை, அப்புறம் இருந்தது.

இனி சொல்லப்போவதுதான் இந்த இழையைத் தொடங்கக் காரணம். 2006. சேலத்தில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு நண்பர்கள் ஏழெட்டுப் பேரை ஒகேனக்கல் கூட்டிக்கொண்டு போக தர்மபுரி பஸ் நிலையத்தில் நிற்கிறேன். அவன் வந்தான். லுங்கி, கையில் சிமெண்ட் பை, முழங்கை வரை சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டான், அதே ஈறு தெரியும் சிரிப்பு. நான் வாயைக் கையால் மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது அவன் இல்லை.

கல்லூரியில் நான் நிறைய வளர்ந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். வளர்த்தவனைப் பார்க்காத மாதிரி நின்றிருக்கிறேன். போன மாதம் கண்ணாடியில் வெள்ளைப் பல்லைப் பார்த்ததிலிருந்து தூக்கம் சரியில்லை. இருபது வருடம் ஆகிவிட்டது. தேடிப் போகலாமா? போய் என்ன சொல்வது?

—

தொப்பூர்_இறக்கம் | ஞாயிறு, இரவு 10.15

போகாதீர்கள்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் தூங்குவதற்காக அவரை ஏன் எழுப்ப வேண்டும்? அவர் இருபது வருடத்தில் தனக்கென்று ஒரு வாழ்க்கை கட்டியிருப்பார். திடீரென்று வெள்ளைப் பல்லோடு ஒருவர் காரில் இறங்கி "என்னை மன்னித்துவிடு" என்றால் அவர் என்ன செய்வார்? "பரவாயில்லடா" என்று சொல்லத்தான் வேண்டும், வேறு வழியில்லை. நம் பாவத்தைக் கழுவ அவர் வீட்டுத் திண்ணை என்ன காவிரிக் கரையா?

இன்னொன்றும் சொல்கிறேன். கல்லூரி நட்பை நாம் ரொம்பவே தூக்கி வைக்கிறோம். நான் நல்லம்பள்ளிப் பக்கம். என் மூன்று வருட நண்பர்கள் யார் என்று பார்த்தால், என் பஸ் ரூட்டில் வந்தவர்கள் மட்டும்தான். மொரப்பூர் ரூட்டில் எவ்வளவு நல்லவன் இருந்தானோ, எனக்குத் தெரியாது. அரூர் ரூட்டிலும் தெரியாது. போக்குவரத்துக் கழகம் போட்ட அட்டவணையைத்தான் நாம் நட்பு என்கிறோம். எந்த விழா என்றாலும் மேடை ஏறுபவர் முதலில் அதியமானையும் நெல்லிக்கனியையும் எடுப்பார், தகடூர் மண் நட்புக்குப் பேர்போன மண் என்பார். கீழே உட்கார்ந்திருக்கும் நாங்கள் 4.40 பஸ் போய்விடுமோ என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

—

காரிமங்கலம்_அக்கா | ஞாயிறு, இரவு 11.03

தொப்பூர் தம்பி, பஸ் ரூட் நட்பு என்று இளப்பமாகச் சொல்லிவிட்டீர்கள். எங்களுக்கு அந்த ரூட்டைத் தவிர வேறு என்ன இருந்தது? நான் மகளிர் கல்லூரி, 2008 முதல் 2011 வரை. வகுப்பு முடிந்து பஸ் வரும் வரையுள்ள அரை மணி நேரம்தான் எங்கள் மொத்த நட்பும். அந்த அரை மணி தாண்டினால் வீட்டில் கேள்வி வரும்.

இண்டூர் அண்ணாவுக்குத் தன் நண்பனைத் தேடினால் கிடைத்துவிடுவார். எங்கள் கதை வேறு. மூன்றாம் வருடம் படிக்கும்போதே நாலு பேருக்குக் கல்யாணம். பத்திரிகை கொடுக்க வருவதுதான் கடைசிச் சந்திப்பு. கல்யாணம் ஆனதும் முதலில் போன் நம்பர் மாறும். அப்புறம் இனிஷியல் மாறும். முகநூலில் தேடினால் அதே பெயரில் இருநூறு பேர், முகப்புப் படத்தில் ஒரு குழந்தையோ ஒரு அம்மனோ இருக்கும். முகத்தை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. என் உயிர்த்தோழி ஒருத்தியை நான் ஏழு வருடம் தேடினேன். கடைசியில் பாலக்கோட்டில் தக்காளி மண்டி பக்கம் ஒரு நகைக்கடையில் காது குத்துக்குத் தோடு வாங்கிக்கொண்டு நின்றாள். என்னை விட்டு இருபது கிலோமீட்டர் கூட இல்லை, ஏழு வருடம்.

வளர்ச்சி என்றால் எனக்கு ஒரே ஒரு நாள் ஞாபகம் வருகிறது. மதிப்பெண் பட்டியலில் என் அப்பா பெயர் தப்பாக வந்துவிட்டது. திருத்த பெரியார் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அது சேலம் போகும் வழியில் கருப்பூரில் இருக்கிறது. நான் அதுவரை தர்மபுரியைத் தாண்டித் தனியாகப் போனதில்லை. அந்த உயிர்த்தோழியும் நானும் வீட்டில் "கல்லூரியில் சிறப்பு வகுப்பு" என்று பொய் சொல்லிவிட்டுப் போனோம். தொப்பூர் கணவாயில் பஸ் இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். கருப்பூரில் இறக்கிவிடச் சொல்லி நடத்துனரிடம் நான்தான் கேட்டேன். முதல் முறை குரல் வெளியே வரவில்லை. இரண்டாம் முறை பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அலுவலகத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் அனுப்பினார்கள், ஆனாலும் வேலை முடிந்தது. திரும்பி வரும்போது இருவரும் ஆளுக்கொரு முட்டை போண்டா தின்றோம். அவ்வளவுதான் சம்பவம். இன்று எந்த அலுவலகத்துக்கும் நான் யாரையும் துணைக்குக் கூப்பிடுவதில்லை.

அண்ணா, போங்கள். தேடினால் கிடைக்கிற ஆளை வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள்.

—

பெங்களூரா_மாங்கா | திங்கள், காலை 7.20

நான் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி, 2010 சேர்க்கை. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி, சான்றிதழ் வாங்க அப்பா தாலுகா ஆபீசுக்கு எத்தனை முறை நடந்தார் என்பது தனிக் கதை.

தமிழ் வழியில் படித்துவிட்டுப் போனேன். முதல் செமஸ்டரில் ஆறில் நாலு போச்சு. இரண்டாம் வருடம் முடியும்போது மொத்தம் பதினொரு அரியர். பதினொன்று என்பது கிரிக்கெட் டீம் என்று பையன்கள் பெயர் வைத்தார்கள், ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு வீரர் பெயர். கணிதம் இரண்டு ரொம்ப நாள் அவுட் ஆகாமல் நின்றது, அதற்கு யார் பெயர் வைத்தோம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

என் அறை நண்பன் தேன்கனிக்கோட்டை. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ், மளிகைக் கடைக்காரரிடம் உருது. நாலு மொழியில் கடன் கேட்கத் தெரிந்தவனுக்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுத வராது. எனக்கும் வராது. இரண்டு பேரும் சேர்ந்து புத்தகத்தை அகராதி வைத்துத் தமிழில் எழுதி, அப்புறம் அதைத் தெலுங்கில் திட்டி, இப்படித்தான் படித்தோம். நன்றாகப் படித்த நண்பர்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வருவார்கள், பத்து நிமிடத்தில் "இதுகூடத் தெரியாதா" என்று எழுந்து போவார்கள். தெரியாதவனுக்குத் தெரியாதவன்தான் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். இது எனக்கு அப்போதே பெரிய ஆச்சரியம்.

ஒவ்வொரு அரியர் முடிந்ததும் ஒரு சடங்கு உண்டு. கே.ஆர்.பி. அணைக்குப் போய் மீன் வறுவல் தின்பது. கடைசி அரியர் முடிந்த அன்று மட்டும் கிருஷ்ணகிரி மலை மேல் ஏறினோம், சையத் பாஷா மலை என்று சொல்கிறார்களே அதுதான். மேலே கோட்டைச் சுவரில் உட்கார்ந்து நெடுஞ்சாலையில் லாரிகள் எறும்பு மாதிரி போவதைப் பார்த்தபோது அவன் சொன்னான், "மச்சான், இனிமே நாம எதுக்குடா சந்திக்கணும்?" சிரித்தோம். ஆனால் அது நிஜமாகிவிட்டது. அரியர் இருந்தவரை வாரத்தில் ஏழு நாளும் ஒன்றாக இருந்தோம், அதற்கப்புறம் வருடத்துக்கு ஒரு போன்.

அவன் வீட்டில் மாந்தோப்பு. பெங்களூரா ரகம்தான், கிளிமூக்கு மாதிரி இருக்குமே, மாங்கூழ் ஆலைக்குப் போவது. சீசனில் விலை விழுந்தால் பறிப்புக் கூலி கூடக் கட்டாது என்று மரத்திலேயே விட்டுவிடுவார்கள். அந்த மாதிரி வருடங்களில் மட்டும் அவனே போன் செய்வான். நல்ல விலை கிடைத்த வருடம் மறந்துவிடுவான். எனக்கு இதில் வருத்தமே இல்லை.

—

நெறியாளர் | திங்கள், காலை 10.05

மாங்காய் விலை, ஆலைக் கொள்முதல் பற்றி வந்த ஏழு பதில்களை விவசாயப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே இண்டூர் நண்பரின் கேள்விக்கு வாருங்கள்.

—

பியுசி_தாத்தா | திங்கள், பகல் 3.30

இந்த இழையில் நான்தான் மூத்தவன் என்று நினைக்கிறேன். 1974-ல் பி.யு.சி. (கல்லூரியிலேயே படிக்கும் ஒரு வருடப் புகுமுக வகுப்பு), அதன் பிறகு 1978 வரை பி.ஏ. வரலாறு. பிளஸ் டூ என்ற ஒன்று வருவதற்கு முந்தைய கடைசித் தொகுப்புகளில் ஒன்று. பெரியார் பல்கலைக்கழகமெல்லாம் 1997-ல் வந்தது, எங்களுடையது சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம்.

எல்லோரும் நட்பைப் பற்றி எழுதுகிறீர்கள், ஒன்றை மட்டும் தாண்டித் தாண்டிப் போகிறீர்கள். நான் சொல்லிவிடுகிறேன்.

என் வகுப்பில் ஒருவன், அரசு விடுதியில் தங்கிப் படித்தவன். அங்கே ராத்திரி களிதான். எனக்கும் களிதான் பிடிக்கும், வீட்டில் அரிசிச் சோறு போட்டு என்னைப் பழிவாங்குவார்கள். அதனால் வாரத்தில் இரண்டு நாள் விடுதியில் அவனோடு ஒரே தட்டில் உட்கார்ந்துவிடுவேன். லீவில் அவன் ஊருக்கும் போனேன். அவன் அம்மா எனக்கு இலை போட்டு, விசிறி வைத்து வீசிக்கொண்டே பரிமாறினார்.

அடுத்த மாதம் அவனை என் ஊருக்குக் கூட்டி வந்தேன். தெரு முனையிலேயே அவன் நடை மெதுவாகிவிட்டது. எனக்கு அது புரியவில்லை. வீட்டு வாசலில் திண்ணைக்குக் கீழே நின்றுவிட்டான். "உள்ளே வாடா" என்கிறேன். அவன் சிரிக்கிறான். என் பாட்டி உள்ளேயிருந்து வந்து பார்த்து, எந்த ஊர், எந்தத் தெரு என்று இரண்டே கேள்வி கேட்டது. ஒரு சொம்பில் மோர் வந்தது, திண்ணையில் வைக்கப்பட்டது. அவன் அதை அண்ணாந்து குடித்துவிட்டு, "நேரமாச்சு, பஸ்ஸுக்குப் போறேன்" என்று கிளம்பினான். அப்போது மாலை நாலரை. கடைசி பஸ் ஏழு மணிக்கு.

நான் பத்தொன்பது வயதுக்காரன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் என்னைக் கடிந்துகொள்ளவும் இல்லை, மறுநாள் வகுப்பில் எப்போதும் போலப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒரே தட்டில் சாப்பிடவில்லை. நான் விடுதிக்குப் போனால் எனக்கென்று தனியாக ஒரு தட்டை எடுத்து வந்து வைப்பான். அதில் அவன் என்ன சொன்னான் என்று எனக்குப் புரிய இரண்டு மூன்று வருடம் ஆனது.

"எங்கள் கல்லூரியில் சாதியே இல்லை" என்று என் வயதுக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கல்லூரிக்குள் இல்லைதான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எல்லாம் வந்து சேர்ந்துகொள்ளும்.

இன்லாண்டு கடிதத்தில் அவனுக்கு ஆறு பக்கத்துக்கு எழுத வேண்டியதை ஒரு பக்கத்தில் நெருக்கி எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். அவன் ஆசிரியராகி வேலூர்ப் பக்கம் போனான் என்று கேள்விப்பட்டேன். 1991-ல் இறந்துபோனான் என்றும் கேள்விப்பட்டேன். இரண்டுமே கேள்விதான்.

இண்டூர்த் தம்பி, உங்களுடையவர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.

—

தொப்பூர்_இறக்கம் | திங்கள், மாலை 6.48

ஐயா, உங்கள் பதிவைப் பகல் முழுக்க மூன்று முறை படித்தேன். போகாதீர்கள் என்று நான் சொன்னதை முழுதாக வாபஸ் வாங்கவில்லை, ஆனால் அந்தக் காவிரிக் கரை வசனத்தை மட்டும் வாபஸ் வாங்குகிறேன்.

—

செகண்ட்_இயர் | திங்கள், இரவு 8.10

எல்லோருக்கும் வணக்கம். நான் இப்போதுதான் படித்துக்கொண்டிருக்கிறேன், அரசுப் பள்ளியிலிருந்து வந்தவள், புதுமைப் பெண் திட்டத்தில் ஆயிரம் ரூபாய் மாதம் வருகிறது. டவுன் பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட்டும் இல்லை. அதனால் காசு விஷயத்தில் உங்கள் அளவு கஷ்டம் இல்லை.

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வகுப்புக் குழுவில் அறுபத்து நாலு பேர், நாள் முழுக்க மெசேஜ் வருகிறது. நானும் பையை வைத்து சீட் பிடிக்கிறேன், எனக்கும் பிடிக்கிறார்கள். இதில் யார் நிஜமான ஃப்ரெண்ட் என்று அப்போதே உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

—

காரிமங்கலம்_அக்கா | திங்கள், இரவு 8.31

தெரியவில்லை கண்ணு. முட்டை போண்டா தின்னும்போது எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. போண்டா சூடாக இருந்தது, அதுதான் தெரிந்தது.

—

பி_ஷிப்ட் | செவ்வாய், அதிகாலை 1.17

ஷிப்ட் முடிந்து வந்து இதைப் படிக்கிறேன். ஓசூர் சிப்காட்டில் பதினாறு வருடமாக இருக்கிறேன். இங்கே யாரும் அந்த நண்பரின் பக்கத்திலிருந்து எழுதவில்லை. நான் எழுதலாம், ஏனென்றால் நான் அவர்தான். அதே ஆள் என்று சொல்லவில்லை, அதே நிலைமை.

பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்தோடு நிறுத்தினேன். வீட்டில் மாடு செத்தது, போர் வற்றியது, அக்கா கல்யாணம், வழக்கமான காரணங்கள்தான். என்னோடு படித்தவர்கள் சிலர் இப்போது எங்கள் கம்பெனிக்கே என்ஜினியராக வருகிறார்கள். ஒருத்தன் லைனில் என்னைப் பார்த்துவிட்டு செல்போனை எடுத்துக் காதில் வைத்தான். போன் வரவில்லை. எனக்குத் தெரியும்.

கோபம் வந்ததா என்றால், ஒரு வாரம் வந்தது. அப்புறம் யோசித்தேன். அவன் என்னைப் பார்த்து வெட்கப்படவில்லை, என்னிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் வெட்கப்பட்டான். இரண்டும் வேறு வேறு.

கல்லூரியில்தான் மனிதன் வளர்கிறான் என்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது. எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த ஆபரேட்டர் அண்ணன் எட்டாம் வகுப்பு. மைக்ரோமீட்டர் பார்க்க, சூப்பர்வைசரிடம் பயப்படாமல் பேச, சம்பளச் சீட்டில் எங்கே வெட்டுகிறார்கள் என்று பார்க்க, எல்லாம் அவரிடம் கற்றேன். அவர் என்னிடம் கற்றது செல்போனில் ரயில் டிக்கெட் எடுக்க. சரியாகப் போய்விட்டது.

இண்டூர் சாருக்கு: போனைக் காதில் வைத்த அந்தப் பையன் என்னிடம் வந்தால் டீ வாங்கிக் கொடுப்பேன். மன்னிப்புக் கேட்டால் எழுந்து போய்விடுவேன். மன்னிப்பு கேட்டால் நான் இன்னும் கீழே நிற்கிறேன் என்று அர்த்தமாகிவிடும். பணம் தர வேண்டியிருந்தால் அதைத் தரலாம். கடன் என்பது சம ஆட்களுக்குள் இருப்பது.

—

இண்டூர்_ஜன்னல் | செவ்வாய், காலை 6.30

பி_ஷிப்ட் நண்பருக்கு. இதற்கு மேல் நான் இங்கே கேட்க ஒன்றுமில்லை. இந்த ஞாயிறு போகிறேன். வந்து எழுதுகிறேன்.

—

பெங்களூரா_மாங்கா | சனி, இரவு 9.55

அண்ணா நாளைக்குப் போகிறார். யாராவது ஞாபகப்படுத்துங்கள், வெறுங்கையோடு போகக்கூடாது. மாம்பழம் எடுத்துக்கொண்டு போகலாம், ஆனால் பெங்களூரா வேண்டாம், செந்தூரா எடுங்கள். (நெறியாளர் மன்னிக்கவும்.)

—

இண்டூர்_ஜன்னல் | ஞாயிறு, இரவு 10.20

போய்விட்டு வந்தேன்.

காரில் போகவில்லை. தர்மபுரியில் காரை நிறுத்திவிட்டுப் பென்னாகரம் பஸ் ஏறினேன். பாதி தூரம் நின்றுகொண்டுதான் போனேன். இண்டூரில் பத்து வயசுப் பையன்கள் நாலு பேர் ஏறினார்கள், எல்லோருக்கும் பளிச்சென்று பல். ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்தது 2013-ல், இவர்களெல்லாம் அதற்கு அப்புறம் பிறந்தவர்கள். என் அண்ணன் மகனும் அப்படித்தான், அவனிடம் என் பழைய போட்டோவைக் காட்டினால் "சித்தப்பா பாக்கு போடுவியா?" என்கிறான்.

பென்னாகரத்தில் டீக்கடையில் அவன் பெயரைச் சொன்னதும், "சென்ட்ரிங் ஷீட்காரரா?" என்றார்கள். பெங்களூரில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்து, சென்ட்ரிங் ஷீட்டும் முட்டும் வாடகைக்கு விடுகிறான். சொந்தமாக ஒரு சின்ன லாரி. நான் மனதில் வைத்திருந்த சுண்ணாம்புக் கையோடு இல்லை. என்னை விடக் கொஞ்சம் வசதியாகத்தான் இருக்கிறான் என்று நினைக்கிறேன். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அதைப் பார்த்ததும் என் நெஞ்சு லேசானது.

ஷீட்களை எண்ணிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். நான் சிரித்தேன், கை மேலே போகவில்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "உன் பல்லு எங்கடா போச்சு?"

டீ வந்தது. பி_ஷிப்ட் சொன்னபடி மன்னிப்பு என்ற வார்த்தையை எடுக்கவில்லை. "உனக்கு ஒரு 720 ரூபாய் தரணும்" என்றேன். அவன் யோசிக்கவே இல்லை. "840. ரெண்டு அரியர் பேப்பருக்கும் சேர்த்துதான கட்டினேன்? ஆப்டிக்ஸ் ஒண்ணு, இன்னொண்ணு மேத்ஸ்." எனக்கு அந்த அரியர்கள் சுத்தமாக மறந்துபோயிருந்தன. வட்டி பற்றிப் பேச்சு வரும் என்று பத்தாயிரம் எடுத்து வைத்திருந்தேன். அவன் செல்போனை நீட்டி, 840 ரூபாயை மட்டும் வாங்கிக்கொண்டான். வந்ததா என்று சத்தம் கேட்கும் வரை காத்திருந்து பார்த்துக்கொண்டான்.

பஸ் நிலையத்துச் சம்பவத்தை அவனே எடுத்தான். "அன்னைக்கு உனக்குப் பல்லு வலியாடா?" என்று கேட்டான். நிஜமாகவே அப்படி நினைத்தானா, எனக்கு ஒரு வழி விட்டானா, தெரியவில்லை. நான் "இல்லை" என்றேன். அவன் "சரி" என்றான். அதற்குமேல் இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. செந்தூராவை அவன் மனைவி உடனே நறுக்கிக் கொண்டுவந்தார்.

கிளம்பும்போது கேட்டுவிட்டேன். இருபது வருடமாகப் பெரிய விஷயமாக உள்ளே வைத்திருந்ததை. "மூணு வருஷமும் எனக்கு எதுக்குடா ஜன்னல் சீட் பிடிச்சு வச்ச?"

"நீ வாந்தி எடுப்படா. முதல் வாரம் என் சட்டை மேலயே எடுத்த. ஜன்னல் பக்கம் உட்கார வச்சா வெளியில போயிடும்ல?"

—

காரிமங்கலம்_அக்கா | ஞாயிறு, இரவு 10.34

அய்யோ அண்ணா.

—

தொப்பூர்_இறக்கம் | ஞாயிறு, இரவு 10.41

திரும்பி வரும்போது சீட் கிடைத்ததா?

—

இண்டூர்_ஜன்னல் | ஞாயிறு, இரவு 10.50

கிடைத்தது. அவன் முன்னால் ஏறித் துண்டு போட்டான். ஜன்னல்.